என் வீட்டு போன் எங்கேஜ்டாக இருந்த காலை

எங்கள் தெருவில் முதல் டெலிபோன் என்னுடையது. முதல் கம்ப்யூட்டரும் என்னுடையதுதான். அணுமின் நிலையத்து ஆபீசர்கள் எல்லாம் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே, புதுப்பட்டினத்தில் என் வீட்டு ஹாலில் வெல்வெட் துணி போர்த்தி, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் படித்தது ஐந்தாவது. லாரியில் கிளீனராக ஏறினவன், டிரைவராகி, சொந்த வேன் வாங்கி, மாமல்லபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஊர் ஊராகச் சுற்றிக் காட்டினேன். இன்றைக்கு என் பெயரில் ஓடுகிற வண்டிகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். யார் சிபாரிசும் இல்லை.

கம்ப்யூட்டர் வாங்கினது பிள்ளைகள் விளையாட இல்லை. மாமல்லபுரத்தில் லாட்ஜ் வைத்திருந்தவர் ஒருநாள், "இனிமே பாரின்காரன் லெட்டர் போட மாட்டான். எல்லாம் ஈமெயில்தான்" என்றார். மற்ற வேன்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாங்கிவிட்டேன்.

அப்போதெல்லாம் இன்டர்நெட் போன் வயரில்தான் வரும். வயரை போனிலிருந்து பிடுங்கி, மோடம் என்கிற சின்னப் பெட்டியில் சொருக வேண்டும். அது தானாகவே நம்பர் போடும். அப்புறம் ஒரு சத்தம் வரும் பாருங்கள், கோழியை அமுக்கிப் பிடித்த மாதிரி கீச்சென்று ஆரம்பித்து, பழைய டீசல் இன்ஜின் மாதிரி இரைந்து, சட்டென்று அடங்கும். அடங்கினால் லைன் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பாதி நாள் அடங்காது. அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்குக் கிடைக்கும், கிடைக்காது என்று சொல்லிவிடுவேன். இன்ஜின் சத்தம் கேட்டு வளர்ந்த காது.

லைன் கிடைத்திருக்கும்போது போன் செத்துப்போகும். வெளியே இருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. "யாராவது அவசரத்துக்குப் பண்ணா இன்னா பண்ணுவாங்க?" என்று மனைவி கேட்டாள். "திரும்பப் பண்ணுவாங்க" என்றேன். இதில் என்ன தப்பு இருக்கிறது?

என் ஒரே தங்கையைக் கடப்பாக்கத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்துக்கு நகை, பந்தல், சாப்பாடு எல்லாம் என் வேன் ஓடி வந்தது. ஆனாலும் அவருக்கு என்னைக் கண்டால் ஒரு இளக்காரம். ஒரு பொங்கலுக்குச் சீர் கொண்டுபோயிருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கினதைத் தங்கைதான் பெருமையாகச் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அதுல சாவி எங்க மச்சான் போடணும்? கியர் எங்க கீது?"

அவர் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இலை போட்டிருந்தது. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். "ண்ணா, ரெண்டு வாய் துன்னுட்டுப் போ" என்று தங்கை கேட் வரைக்கும் வந்தாள். நான் வண்டியை எடுத்துவிட்டேன். சண்டை என்று சொன்னால் அவ்வளவுதான் சண்டை.

சில மாதங்கள் போயின. நான் ஏற்றிக்கொண்டு சுற்றிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கடற்கரைக் கோயில் பக்கம் வேனோடு என்னை நிறுத்தி எடுத்த போட்டோவை ஈமெயிலில் அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்தேன். அந்தக் காலத்தில் போட்டோ ஒரே அடியாக வராது. மேலேயிருந்து கோடு கோடாக இறங்கும். முதலில் வானம். அப்புறம் கோபுர நுனி. லைன் அறுந்துபோகும், மறுபடி நம்பர் போட்டு மறுபடி வானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காலை டிபன் முடித்து உட்கார்ந்தேன், வெயில் ஏறிவிட்டது. என் தலைமுடி வந்தது, நெற்றி வந்தது. வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் கடப்பாக்கத்தில் மாப்பிள்ளை மாரடைப்பில் போய்விட்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. புருஷன் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி கோடிப் புடவை கொண்டுவந்து அவள் மேல் போட வேண்டும். அது வரும்வரைக்கும் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அப்பா அம்மா இல்லாத வீடு. கோடி போட நான் ஒருவன்தான். தங்கை வீட்டில் போன் கிடையாது. தெருமுனை எஸ்டிடி பூத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் என் நம்பரை அடித்திருக்கிறார்கள். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. பூத்துக்கார அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இவ்ளோ நேரமா பேசுவாங்க? ரிசீவர எடுத்துக் கீழ வெச்சிட்டாங்கமா."

பொங்கலுக்கு நான் சாப்பிடாமல் போனது அந்தத் தெருவுக்கே தெரியும். கணக்குச் சரியாகப் போயிற்று அவர்களுக்கு.

கடைசியில் அந்தத் தெரு ஆள் ஒருவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என் ஹாலுக்குள் நுழைந்து, திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அங்க மன்ஷன் பூட்டான். நீ இங்க படம் பாத்துகினு கீறியா அண்ணாத்த?"

படம் அப்போது என் மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது.

கடைத்தெருவில் கோடி வாங்கிக்கொண்டு, நானே வேனை ஓட்டிக்கொண்டு போனேன். அந்த ரோட்டில் அப்படி நான் என்றைக்கும் ஓட்டினதில்லை. தெருமுனையில் பூ இறைந்து கிடந்தது. எடுத்துவிட்டிருந்தார்கள். வெயிலில் வைத்திருக்க முடியவில்லையாம். உள்ளே தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் எங்கள் பங்காளி வீட்டார் யாரோ வாங்கி வந்து போட்ட புடவை. என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"போன எடுத்துக் கீழ வெச்சிட்ட இல்ல?"

"இல்லம்மா. இன்டர்நெட்டுல இருந்துச்சு. அது இருந்தா போன் வராது."

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் விடவில்லை. "இன்டர்நெட்டு சாட்டிலைட்டுல இல்ல வரும்? போனுக்குள்ள எப்பிடிப்பா பூரும்? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு நைனா."

நான் பொய் சொல்கிறவன் இல்லை. அதனால்தான் காரியத்தன்று மோடத்தைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எல்லோர் முன்னாலும் பூத்து லைனில் சொருகிக் காட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். பூத்துக்கார அம்மாவும் வேடிக்கை பார்க்கிற ஆசையில் வயரைக் கொடுத்தாள். சொருகினேன். சிவப்பு விளக்கு ரெண்டு எரிந்தது. அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இல்லாமல் அது நம்பர் போடாது என்று அந்த இடத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. வயரைத் திரும்ப போனில் சொருகினால், போனும் எப்போதும் போல வேலை செய்தது. கூட்டத்தில் ஒருத்தன், "சாவு வூட்டுக்கு மிஷின் எடுத்தாந்த ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன் மச்சான்" என்றான். சிரிக்கக் கூடாத இடம். சிரித்தார்கள்.

தங்கை வாசலில் வந்து நின்றாள். "இத்த காட்டத்தான் வந்தியா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு.

அப்புறம் ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் வந்தது. போன் வயரில் இன்டர்நெட் வருவதும், வந்தால் போன் செத்துப்போவதும் கடப்பாக்கத்தில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்தது. என்னைப் பொய்யன் என்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதே மோடம் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவராவது வந்து, "நீ சொன்னது நிஜம்தாம்பா" என்று சொல்ல வேண்டுமே. சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. பொங்கல் சீர் வருஷம் தவறாமல் போகிறது. தட்டை வாங்கிக்கொள்கிறாள். பேச்சு இல்லை. கூடப் பிறந்தவள், பூத்துக்காரி சொன்னதை நம்பினாள். மோடம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் என்ன செய்வேன் என்று தெரியாதா?

கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டாயிற்று. அந்த போட்டோவை அப்புறம் நான் திறக்கவே இல்லை.

போன வாரம் அவளுக்குச் செங்கல்பட்டில் கண் ஆபரேஷன் என்று கேள்விப்பட்டேன். இந்த வயசில் பஸ்ஸில் போவாளா? என்னிடம் நிற்கிற கார்களில் ஒன்றை அனுப்புகிறேன் என்று சொல்லத்தான் அவள் செல்லுக்கு அடித்தேன். ஒரு ரிங் போய், நீங்கள் அழைப்பவர் பிசியாக இருக்கிறார் என்றது. சாயங்காலம் அடித்தேன். பிசி. மறுநாளும் அதேதான்.

என் மருமகள் மாடி அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். போனை வாங்கிப் பார்த்தாள்.

"கடப்பாக்கத்து அத்தை உங்க நம்பர பிளாக் பண்ணி வெச்சிருக்காங்க மாமா. பிளாக் பண்ணா இப்பிடித்தான் சொல்லும்."

"ஆபரேஷன்னா நாலு பேரு விசாரிக்க மாட்டாங்களா? பேசிகினு இருப்பா."

"எப்பப் பண்ணாலுமா மாமா?"

"லைன் பிசியாத்தான் கீது. உனக்கு இன்னா தெரியும்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

என்னைப் பற்றி என் தங்கை நினைத்ததை, அவளைப் பற்றி நான் நினைக்க மாட்டேன். வாத்தியாரைக் கட்டினவளைவிட அந்த மட்டுக்காவது நான் மேல்.

டிரைவர் காரைத் துடைத்துவிட்டு வந்து, கடப்பாக்கத்துக்குக் கிளம்பட்டுமா என்று கேட்டான். இரு, போன் எடுக்கட்டும் என்றேன்.