அத்திக்காய்ப் படையல்

கும்மிடிப்பூண்டியில் அத்திப்பழத்தைப் பிளந்து, உள்ளிருக்கும் பூச்சிகளை ஊதிவிட்டுத்தான் வாயில் போடுகிறார்கள். கப்பலில் வந்து இறங்கிய புதிதில் அது எனக்கு விசித்திரமாக இருந்தது. ரங்கூனில் நாங்கள் பழுக்கவே விட்டதில்லை. பச்சைக் காயாகப் பறித்து, நாப்பி என்னும் மீன் விழுதில் தோய்த்துச் சோற்றோடு கடித்துக்கொள்வோம். அதற்காகவே என் கணவர் மதியத்தில் கடையிலிருந்து வீட்டுக்கு வருவார். கடை பர்மா அரசாங்கத்தின் கைக்குப் போனதும் என்னை முதலில் அனுப்பிவைத்தார். பாக்கி வேலைகளை முடித்துக்கொண்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொன்னார். உங்களில் கப்பலில் வந்தவர்களுக்கு அந்த ‘அடுத்த கப்பல்’ எத்தனை பேருக்கு வராமலே போனது என்று தெரியும்.

பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கென்று கொடுத்த எங்கள் குடிசைகளுக்குப் பின்னால் ஓடைக்கரையில் ஓர் அத்திமரம் நின்றது. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும். பழவேற்காட்டிலிருந்து மீன் விற்க வரும் கன்னியம்மா, நான் காய் பறிப்பதைப் பார்த்துக் கூடையை இறக்கிவைத்தாள்.

“இன்னாம்மா, பிஞ்சப் போயி பறிச்சிக்கினு கீற? பழுக்க உடேன்.”

“எங்க ஊர்ல இப்படித்தான் சாப்பிடுவோம்க்கா.”

“அப்போ இது உங்க ஊரு இல்லியா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். பர்மாவில் எங்களைக் ‘கலா’ என்றார்கள். அயலார் என்று பொருள். இங்கே நான் பர்மாக்காரம்மா. அடுத்த கொத்தைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டேன்.

இன்னொரு நாள் காய் பறிக்கையில், அந்த மரத்தடியில்தான் சேதியும் வந்தது. பின்னால் வந்த கப்பலில் இறங்கிய எங்கள் ரங்கூன் தெருக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டாராம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். மடியிலிருந்த காய்களை நான் கீழே போடவில்லை. வந்தவர் வெயிலில் நடந்திருக்கிறார், குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பக்கத்தில் நின்ற கன்னியம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அழுதுடும்மா. உள்ளயே வெச்சிக்கினு இருக்காத.”

அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். கல்நெஞ்சக்காரி என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம்.

இறந்த நாள் தெரியாததால் அமாவாசையன்று படையல் போட்டேன். கன்னியம்மா உப்பிறால் கொண்டுவந்தாள்.

“நாப்பின்னு நீ சொன்னியே, அந்த நாத்தம் இதுல வருதா பாரு.”

அரைத்துப் பார்த்தேன். நாப்பி இல்லை, ஆனாலும் கிட்டத்தட்ட வந்தது. பச்சை அத்திக்காய்களை நறுக்கி வைத்தேன்.

“எலைய தெக்கு பாத்துப் போடும்மா. செத்தவங்க அங்கதான கீறாங்க?”

“அவரு கிழக்கே இருக்காருக்கா. கடலுக்கு அந்தப் பக்கம்.”

அவள் இலையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். இலை தெற்கையும் பார்க்காமல் கிழக்கையும் பார்க்காமல், குடிசையின் தென்கிழக்கு மூலையை நோக்கிச் சாய்வாகக் கிடந்தது. சோறு ஆறும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.