மெத்தைக்கு ஊசி போட்டவள்

நர்ஸ் வேலைக்கு நடுங்காத கை வேண்டும்; கருணை கொஞ்சம் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. எனக்குக் கருணைதான் முந்தி வந்தது. பத்தொன்பது வயதில், எட்டாம் வகுப்போடு, பாறசாலைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் உதவி நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஊசிப் பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு மெத்தையில் குத்திவிட்டு, அன்றே பெட்டியோடு வீட்டுக்கு ஓடினேன்.

துபாய்க்குப் போன கணவர் முதுகு ஒடிந்து திரும்பியபோது எனக்கு முப்பத்தெட்டு. மறுபடியும் அதே வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவையும் தோற்றால், விரல் வெந்துபோகிற அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்க வேண்டியதுதான். தோற்ற பரீட்சைக்கு மறுபடி உட்கார்ந்தவர்களே, நீங்கள் என் கட்சி.

பழைய கூட்டுக்காரி

அன்று என்னோடு ஒரே தட்டில் கப்பைக்கிழங்கு தின்ற ரோசி இப்போது மேட்ரன். பார்த்த சந்தோஷத்தில் வார்டின் நடுவில் “எட்டி ரோசி!” என்று கூப்பிட்டுவிட்டேன். என் கூடப் படிக்கும் சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ரோசி என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள். “இங்க மேட்ரன்னு விளி. வீட்டுக்கு வந்தா ரோசின்னு விளிச்சுக்க. இனியும் மெத்தைல குத்தினியோ, ரெண்டும் வேண்டாம், வந்த வழிக்குப் போ.”

சுருட்டிய படுக்கை

கோழிக்கூட்டைத் திறந்துவிட்டேனா என்ற கவலையோடு வார்டுக்குப் போன முதல் காலை. உதியன்குளங்கரைப் பெரியவர் ஒருவர் கட்டிலை விட்டு எழுந்து போனார். விடிந்த பிறகும் பாய் விரித்தே கிடந்தால் மூதேவி வருவாள் என்று வளர்ந்தவள் நான். மெத்தையைச் சுருட்டி மூலையில் சாத்தி, அடியில் பெருக்கியும் விட்டேன்.

வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தவர், வெறும் இரும்புக் கட்டிலைப் பார்த்து அலறினார்: “மக்கா, நான் கக்கூசுக்காக்கும் போனேன், செத்துப்போவல்ல!”

வாழைத்தண்டு

பழகிக்கொள்ள ரோசி ஒரு பழைய சிரிஞ்சு தந்தாள். ஒரு வாரம் வாழைத்தண்டில் குத்தினேன். கண்ணைத் திறந்தே குத்தினேன். ஆனால் தண்டு மனுஷன் இல்லையே என்ற பயம் போகவில்லை. சிரிஞ்சும் கையுமாக, கட்டிலில் கிடந்த கணவரைச் சும்மா ஒரு பார்வைதான் பார்த்தேன். மூன்று மாதமாக வைத்தியர் எழுப்ப முடியாத மனுஷன், எழுந்து முற்றத்துப் பலாமரம் வரைக்கும் ஓடினார்.

அங்கிருந்து கத்தினார்: “வாழத்தண்டு சத்தம் போடாது. நான் போடுவேனாக்கும்!”

பரீட்சை

பரீட்சை நாளில் கட்டிலில் கிடந்தது எங்கள் பழைய நிலக்காரர், ஜென்மி வீட்டு எஜமானி, கொச்சம்மா. நிலச் சட்டம் வந்தபோது, அவர்கள் நிலத்தில் எங்கள் குடிசை நின்ற பத்து சென்ட் எங்கள் பேருக்கு ஆனது. அன்று முதல் அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. நானும் அவர் முன்னால் தலை நிமிர்ந்ததில்லை.

“வேற ஆளு இல்லியா?” என்றார்.

“இண்ணைக்கு இவதான் கொச்சம்மா” என்றாள் ரோசி.

கொச்சம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே குத்தினேன். அவர் அசையவில்லை. வலித்ததா என்று ரோசி கேட்டாள்.

கொச்சம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: “பத்து சென்ட் போனப்ப வலிச்சதுல கால்வாசி கூட இல்ல. இவ ஜெயிச்சாச்சுன்னு எழுது.”

இப்போது மாதம் ஒரு தடவை ஊசிக்கு வரும் கொச்சம்மா என்னைத்தான் போடச் சொல்கிறார், பத்து சென்டைச் சொல்லிக்காட்ட அவருக்கும் ஓர் ஆள் வேண்டுமே!