ஐந்து அட்டைகள், முப்பத்தொன்பது சொற்கள்

1. பள்ளிப் போட்டிக்காக, திராட்சைக் கொட்டகையில் தொங்கிய ஐந்து அட்டைகளைக் கழற்றினேன்.
2. வேலை முடிந்ததும் திரும்ப மாட்டினேன்.
3. லாரி குமுளி மலை ஏறிப் போனது.
4. மறுநாள் காலை அப்பா சித்தப்பாவை அடிக்கக் கை ஓங்கினார்.

இந்த நான்கும் ஒரே சங்கிலி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பதினாறு வருடங்களாக நம்பியிருந்தேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஆங்கில டீச்சர் ஒரு போட்டி வைத்தார். ஐந்து எழுத்துகளை நாமே தேர்ந்தெடுத்து, அவற்றுக்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள் கிடைக்கின்றனவோ எழுதி வர வேண்டும். எனக்கு எழுத்துகளைக் கையால் நகர்த்திப் பார்த்தால்தான் யோசனை ஓடும். சுருளிப்பட்டியில் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் ஐந்து எழுத்துகள் தயாராகத் தொங்கின: ஏ, ஈ, ஆர், எஸ், டி.

அவை எங்கள் பழத்தை வாங்கும் ஐந்து கேரளத்து வியாபாரிகளின் முதலெழுத்துகள். எங்கள் ஆட்களுக்கு மலையாளம் படிக்க வராது, அங்கே இறக்குகிறவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் பொதுவில் ஆங்கிலம். காலையில் அப்பா பழத்தைத் தரம் பிரித்து, பெட்டிகளை ஐந்து அடுக்காக வைத்து, பேப்பரால் மூடி, அடுக்குக்கு ஒன்றாக அட்டைகளை ஆணியில் மாட்டுவார். சாயங்காலம் சித்தப்பா வந்து, அட்டையைப் பார்த்துப் பெட்டி பெட்டியாக மார்க்கரால் எழுதி ஏற்றிவிடுவார்.

தரம் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. திராட்சை என்றால் எல்லாம் திராட்சை.

மதியம் யாரும் இல்லாத நேரத்தில் அட்டைகளைத் தரையில் பரப்பினேன். டீ, சீட், ரெஸ்ட், ஸ்டார் என்று வந்துகொண்டே இருந்தன. கிடைத்ததையெல்லாம் ஓர் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் கிறுக்கி, பிறகு நோட்டில் அழகாக எடுத்தெழுதினேன். முப்பத்தொன்பது. ஐந்து எழுத்தும் சேர்ந்த சொல், முறைத்துப் பார்ப்பதற்கான 'ஸ்டேர்', கடைசியாகத்தான் கிடைத்தது. அந்தப் பெருமையில், அந்தச் சொல்லின் வரிசையிலேயே அட்டைகளை ஆணிகளில் மாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஃபோன். எங்கள் முதல்தரப் பழத்தைப் பிரித்துப் பார்க்காமலே வாங்கும் 'ஏ' வியாபாரிக்கு, ஜூஸுக்கான உதிரிப் பழம் போயிருந்தது. முதல்தரம் மொத்தமும் 'எஸ்'ஸிடம் இறங்கியிருந்தது. 'எஸ்' குமுளியில் ஜூஸ் கடை வைத்திருந்த சித்தியின் அண்ணன்.

"ஏலே, ஒம் மச்சான் கடைக்கு நல்ல பழத்தத் தள்ளிட்டு, இருவது வருசமா நம்மள நம்புன ஆளுக்கு உதிரிய அனுப்பியிருக்கியேடா!"

"அண்ணே, அட்டையப் பாத்துத்தான எழுதுனேன்."

"அட்டைய மாட்டுனது நானுடா! எங்கன எது இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? களவாணிப் பயலே!"

அப்பாவின் கை மேலே போனது. அம்மா "அடிச்சுப்புடாதீக!" என்று கத்தியபடி அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள். நான் பள்ளிப் பையோடு கதவருகில் நின்றேன். நோட்டு அந்தப் பைக்குள்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன்.

'ஏ' வியாபாரி அதோடு எங்கள் பழத்தை எடுப்பதை நிறுத்தினார். ஒரு மாதத்துக்குள் அண்ணன் தம்பி தோட்டத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே பந்தலாகப் படர்ந்திருந்த கொடியை நடுவில் அறுத்து, கல்தூண்களுக்கு இடையே கம்பிவேலி கட்டினார்கள்.

போட்டியில் எனக்கு முதல் பரிசு, ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். அதோடு தோட்டத்துக்குப் போன அன்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பா கேட்டார்: "எத்தன வார்த்த ஆத்தா கெடச்சுச்சு?"

"முப்பத்தொம்பது."

"இன்னும் ஒன்னு கெடைக்கலயாக்கும்!" என்று சிரித்தார். போட்டியைப் பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலை. பிழை எங்கே தொடங்கியது என்று தேடிப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். போன மாதம், முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். "சித்தப்பா, அந்த அட்டைங்கள..." என்று ஆரம்பித்ததுமே தலையணைக்குப் பக்கத்திலிருந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பத்திரங்களுக்கு அடியில் ஓர் அட்டை. முன்பக்கம் ஏ. பின்பக்கம் என் பென்சில் எழுத்தில் முப்பத்தொன்பது சொற்கள்.

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எப்பத் தெரியும்?"

"அண்ணன் கை ஓங்குன அன்னிக்கே. அட்டைகளக் கட்டி வைக்கப் போனப்பப் பாத்தேன்."

"அப்பவே காட்டியிருக்கலாமே!"

"காட்டியிருந்தா ஒனக்கு ரெண்டு அடி விழுந்திருக்கும், அம்புட்டுத்தான். தம்பி களவாணின்னு அண்ணன் ஒரு நிமிசத்துல நம்பிட்டாக, ஆத்தா. அத எந்த அட்டையக் காட்டி அழிக்கிறது?"

வேலியைக் கட்டியது என் அட்டைகள்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அன்று கதவருகில் நின்றபோது நான் கவனித்தது ஓங்கிய கையை மட்டும்தான். அதற்கு முன்னால் வந்த 'களவாணி' என்ற சொல்லை அல்ல.

இன்றைய நிலவரம்: அட்டை என் பையில் இருக்கிறது. வேலி தோட்டத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.