மருமகளின் ஆறு பற்றரிகள்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது போய்விடும். போகட்டும். என் மருமகளைப் பற்றி நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டைக் காலத்தில் போனது. பொய்க்கால் போட்டுத்தான் நடப்பாள். எங்கள் வீடு கொக்கிளாய்ப் பக்கம். வள்ளங்கள் வந்து சேரும் கரையிலிருந்து தார் றோட்டுக்கு நீளமான மணல் பாதை. மீன் பெட்டிகளை அந்தப் பாதையால் ஏற்றிக்கொண்டு போய், காத்து நிற்கும் லொறியில் சேர்ப்பதுதான் அவளுடைய தொழில்.

அவள் ஓட்டுவது கோல்ஃப் வண்டி. புல்வெளியில் பந்தடிக்கிற பணக்காரரை ஏற்றித் திரிவதற்கென்று செய்தது. ஏதோ ஒரு ஹோட்டலில் பழையது என்று கழித்ததை என் மகன் வாங்கி வந்தான். கியர் இல்லை, கிளச் இல்லை, இரண்டு மிதியும் வலது காலுக்கு. பின் இருக்கையைக் கழற்றி, பெட்டி வைக்கப் பலகை அடித்துக்கொண்டாள். வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி முதல்நாளே சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, மீன் வெயிலுக்க கிடக்கப்படாது. உன்ர வண்டி ஒருநாள் நிண்டாலும் லான்ட்மாஸ்டர் உழவு மெசின்காரனைக் கூப்பிட்டிடுவன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

அந்த வண்டி ஓடுவது பெற்றோலில் இல்லை. இருக்கைக்குக் கீழே ஆறு பற்றரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சீமெந்துக் கல் கனம். போன வருஷம் அவை களைத்துப்போக, கடைக்காரன் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்றான். அவள் கேட்கவில்லை. பழசோடு புதுசைச் சேர்த்தால் பழசு புதுசையும் விழுத்திவிடும் என்று ஆறையும் மாற்றினாள். வேலை தொடங்க முன்னம் காப்பைக் கழற்றினாள். பிறகு தாலிக்கொடியையும் கழற்றினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்? புருசன் கடலுக்க நிக்கிறான்!"

"மாமி, குனியேக்க கொடி பற்றரியின்ர ரெண்டு முனையிலயும் பட்டா நெருப்புப் பறக்கும். அவர் கரைக்கு வரேக்க நான் கரியாக் கிடப்பன். பரவாயில்லையோ?"

கொடியை வாங்கி மாதா சொரூபத்தின் காலடியில் வைத்தேன். அவள் ஒவ்வொரு வயரிலும் ஒவ்வொரு நிறச் சீலைத்துண்டு கட்டி, கழற்றிய ஒழுங்கிலேயே பூட்டினாள். வண்டி முதல் தடவையே சத்தமில்லாமல் நகர்ந்தது. நான் முகத்தை ஒன்றும் நடக்காதது மாதிரி வைத்துக்கொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் காலை ஓட்டம் முடிந்து வந்து வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு, பொய்க்காலைச் சரிபார்க்க பஸ்சில் முல்லைத்தீவுக்குப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். மூடிகளைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் அடியில் கிடந்தது. பற்றரித் தண்ணீர்க் கலன் பக்கத்திலேயே இருந்தது. கலியாணம், குடிபுகுதல் என்று எத்தனை வீட்டுக்கு நிறைகுடம் வைத்த கை இது. குறைவாக நிரப்பி எனக்குப் பழக்கமில்லை. ஆறு பற்றரியின் எல்லா வாய்களையும் கழுத்து முட்ட நிரப்பி, மூடியையும் பூட்டிவிட்டு, பெருமையோடு சோறு வடிக்கப் போனேன்.

பின்னேரம் அவள் படலை திறந்த உடனேயே மூக்கைச் சுருக்கினாள். போய்ப் பார்த்தால் மூடிகளால் பொங்கி வழிந்து, சீமெந்துத் தரை வெள்ளையாய் நுரைத்துக் கிடந்தது. கரண்டை நிறுத்தினாள்.

"ஆர் ஊத்தினது?"

கோழி தட்டியது என்று சொல்ல வாய் வந்தது. கோழி எப்படி மூடி பூட்டும்?

"நான்தான் ஊத்தினனான்."

அவள் கையுறையைப் போட்டாள்.

"குசினியில அப்பச்சோடா இருக்கோ மாமி? முதல்ல சீலையை மாத்திப்போட்டு வாங்கோ. அதில அசிட் பட்டிருக்கும், நாளைக்கு வலை மாதிரி ஓட்டை விழும்."

சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடிகள் இறுக்கமா என்று பார்த்து, மேலால் ஊற்றினாள். நுரை அடங்கும்வரை ஊற்றி, கழுவி, துடைத்து, முனைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். பிறகு பற்றரித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி, உள்ளே மிதக்கும் அளவுகோலைப் பார்த்தாள். பல வாய்களில் அது தாழ்ந்தே நின்றது.

"சார்ஜ் ஏற ஏற உள்ளுக்கு இருக்கிறது எழும்பும் மாமி. அதுக்கு இடம் விடவேணும். இப்ப வழிஞ்சது வெறும் தண்ணியில்லை, அதின்ர பலம்."

"நாளைக்கு ஓடுமோ?"

"ஓடவைப்பம்."

நான் அழுதிருந்தால் அவள் என்னைத் தேற்ற வேண்டி வந்திருக்கும். அந்த வேலையை அவளுக்கு வைக்காமல் தூரிகையைக் கழுவினேன்.

மறுநாள் விடிய அவள் வண்டியின் கூரையைக் கழற்றிவிட்டாள். முன் கண்ணாடியையும் கழற்றினாள். கனம் குறையட்டும் என்று. வழக்கமாக ஏற்றுவதில் பாதிப் பெட்டிதான் ஏற்றினாள். மணல் பாதையை விட்டு, கடலேரியான களப்பின் ஓரத்தால், நீர் வற்றி இறுகிக் கிடந்த ஈர மண்ணில் ஓட்டினாள். சுற்றுத்தான். ஆனால் சில்லுப் புதையாது. நான் தள்ள வேண்டி வந்தாலும் வரும் என்று வளைவில் போய் நின்றேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேகத்தை விட்டால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் நடையில் வண்டி மெதுவாகத்தான் போனது. ஆனால் போனது. லொறி கதவடிக்க முன்னம் கடைசிப் பெட்டியும் ஏறிவிட்டது.

சம்மாட்டி வண்டியைச் சுற்றி வந்தார்.

"என்ன தங்கச்சி, நேர்த்தி வைச்சு மொட்டை அடிச்சிட்டியோ?"

"ஓம் அண்ணை. நீங்களும் அடிச்சா வண்டி இன்னும் லேசா ஓடும். உங்கட கதைதான் எனக்குப் பாரம்."

அவர் சிரித்தார். லான்ட்மாஸ்டர் கதை எடுக்கவில்லை. "நாளைக்கு இதே நேரம்" என்றார்.

அன்று முழுக்க வண்டி சார்ஜில் நின்றது. வெயில் சாயச் சார்ஜ் முடிந்ததும், நான் கிட்டப் போகாமல் கிணற்றடியில் நின்றேன். அவள் கலனையும் புனலையும் தூக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"மாமி, வாங்கோ. என்ர கை நடுங்கும், உங்கட கைதான் நிதானம்."

பொய். அவள் கை நடுங்கி நான் கண்டதில்லை. ஆனாலும் போனேன். பொங்கி வழிந்ததில் சில வாய்களில் தண்ணீர் இறங்கிப் போயிருந்தது. நான் ஊற்ற, தண்ணீர் உள்ளே இருந்த தகட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறியது. வாய்க்கு இன்னும் நிறைய இடம் இருந்தது. எனக்கு அது அரைகுறை வேலையாகத்தான் பட்டது.

"காணும் மாமி, போதும்," என்றாள்.

நிறுத்தினேன்.