நான் கேட்காமல் விட்ட கேள்வி

மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி இரும்புலியூரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. சும்மா சொன்னேன். எனக்குத் தெரிந்தது ஷேர் ஆட்டோ ஓட்ட மட்டும்தான்.

என் மனைவி கலாவுக்கு வீசிங். ஒரு மருத்துவமனையில் புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் சேர்த்தார்கள். போனோம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கிவிட்டு, "டவுட் இருந்தா கேளுங்க" என்றார்.

"டிபன் குடுப்பீங்களா மேடம்?" என்று கேட்டேன். கலா தலையில் அடித்துக்கொண்டாள்.

மருந்து நன்றாகக் கேட்டது. என்னைத் திட்டும்போதுகூட அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. சில மாதங்களில் ஆராய்ச்சி முடிந்தது, மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். கடைக்கு அது இன்னும் வரவில்லை.

"அத்த மட்டும் குடுத்துகினே இருங்க மேடம். மூச்சு உட முடியாம பேஜாரா கீது" என்று கெஞ்சினேன்.

"என் கையில இல்லண்ணா. ஆராய்ச்சி முடிஞ்சா மருந்து கிடைக்காதுன்னு நாங்களே மொதல்ல சொல்லிருக்கணும்" என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டக்கூட முடியவில்லை.

இப்போதெல்லாம் வண்டியில் யாராவது ஆராய்ச்சியில் சேரப்போவதாகச் சொன்னால், "முடிஞ்சப்புறமும் மருந்து தருவாங்களான்னு கேட்டுக்கோ" என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு அக்கா, "நீ இன்னா டாக்டரா?" என்று கேட்டார். அதற்கு நான்...

கொஞ்சம் இருங்கள், கலா கூப்பிடுகிறாள். பேச முடியாமல் கட்டிலைத் தட்டுகிறாள்.