கோடு விழாத வட்டம்

1991இல் நான் மீனம்பாக்கத்தில் விமானங்களின் அடிவயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலை வாங்கித் தந்தவர் என் அக்கா புருஷன். அங்கே மெக்கானிக். காலையில் படப்பையிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிடுவார்.

"வாயத் தொறந்து நாலு வார்த்த பேசு மச்சான். முத்து ஒண்ணும் கொட்டிடாது" என்று சீண்டுவார். நான் சிரிப்பதோடு சரி.

எங்களிடம் வந்தவை பெரும்பாலும் வயதான விமானங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கித் தகட்டில் ஆணி வரிசையை ஒட்டித் தலைமுடி போல விரிசல் விடும். கண்டுபிடித்தவர் மஞ்சள் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போடுவார். பழுது பார்த்து முடித்ததும் வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. கோடு விழுந்த வட்டங்களை மண்ணெண்ணெய் தொட்டு அழிப்பது என் வேலை. கோடு இல்லாததைத் தொடக்கூடாது. நான் தெரிந்து வைத்திருக்க வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு விமானம் மத்தியானமே கிளம்ப வேண்டுமென்று விரட்டினார்கள். நான் அண்ணாந்தபடியே கோடு பார்க்காமல் துடைத்துக்கொண்டு போனேன். மாமா இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இங்கதான் சார், சாமான் ஏத்துற கதவுக்குப் பின்னால. இப்பத்தான் வட்டம் போட்டேன்."

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்தார். ஈரத்தில் தகடு முழுக்கப் பளபளத்தது.

"எங்கய்யா வட்டம்? ராத்திரி சரியாத் தூங்கலியா?"

மாமா விரல் நுனியால் தடவித் தடவித் தேடினார். அகப்படவில்லை. வேறு விமானத்தில் பார்த்ததோ என்று அவருக்கே குழப்பம் வந்துவிட்டது. விமானம் கிளம்பலாம் என்று கையெழுத்துப் போட்டார். நான் இரண்டு ஆள் தூரத்தில்தான் நின்றேன்.

விமானம் கிளம்பிய பிறகு கை கழுவக் குழாயடிக்கு வந்தார். நான் பிழிந்துகொண்டிருந்த துணியில் மஞ்சள். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரிசல் இருப்பதைச் சொல்ல ஆபீசுக்கு ஓடினார்.

இறங்கிய ஊரிலேயே அதை நிறுத்திவிட்டார்கள். விரிசல் ஒரு சாண் நீளத்துக்குப் போயிருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரணைக்கு அதிகாரிகள் மாமாவைத்தான் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"விரிசல் இருக்குன்னு தெரிஞ்சும் எப்பிடிய்யா கையெழுத்துப் போட்ட? வட்டம் போட்டியா இல்லியா?"

"இல்ல சார். போட மறந்துட்டேன்."

ஒரு எட்டு உள்ளே வைத்திருந்தால் போதும். கால் வரவில்லை.

வேலை போயிற்று. சுங்குவார்சத்திரத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்குப் போனார். பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டே போனேன். அக்கா வீட்டுப் பக்கம் போவதையும் விட்டேன். மூன்றாம் வருஷம் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "அந்த வட்டத்த அழிச்சது நான்தான்க்கா."

அவள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தெரியும்டா. அன்னிக்கே சொல்லிட்டாரு. 'அவனா வந்து சொல்லுவான், நீ ஒண்ணும் கேக்காத'ன்னாரு. ஞாயித்துக்கெழமையானா ஒனக்கும் சேத்து ஒல வெக்கச் சொல்லுவாரு."