எம்.எல்.ஏ. முன்னால் எழுந்து காட்டியது

பள்ளிக்கூடத்தில் எந்தப் போட்டியிலும் என்னைச் சேர்த்ததில்லை. ஓட்டப் பந்தயத்தை விடுங்கள், மியூசிக்கல் சேரில்கூடப் பாட்டை நிறுத்துகிற வேலையைக் கொடுத்து ஓரமாக உட்காரவைத்துவிடுவார் டீச்சர். ஆண்டு விழாவில் ஒரு தடவை திரை இழுக்கச் சொன்னார்கள். கயிறு கனத்தது என்று அதையும் பாதியில் வாங்கிக்கொண்டார்கள். ஆகவே நான்காம் வகுப்பில் படிக்கும்போது, ஒரு எம்.எல்.ஏ. முன்னால் செய்து காட்ட இத்தனை பிள்ளைகளில் என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. செய்து காட்ட வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் தொகுதி எம்.எல்.ஏ. என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

எனக்கு இருப்பது தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகிற வியாதி. அப்போது நடந்துகொண்டுதான் இருந்தேன். தரையிலிருந்து எழுவதுதான் பாடு. முதலில் குப்புறத் திரும்பி, கையும் காலும் ஊன்றி, பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, அடுத்ததைத் தொடையில் வைத்து, என் உடம்பின் மேலேயே நான் ஏணிபோல் பிடித்து ஏறி நிமிர வேண்டும். வகுப்பில் எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பேன். பார்த்தால் சிரிப்பார்கள் என்பதைவிட, பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பார்களே, அதுதான் தாங்காது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை, அம்மாவுக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில். ஒருவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குள் மற்றவர் ஏறிப் போயிருப்பார். நடுவில் வீட்டுக்கு நான், எனக்கு வீடு. தெருவில் பிள்ளைகள் நொண்டியடிக்கும் சத்தம் கேட்கும். ஆரம்பத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. என்னை ஆட்டத்தில் சேர்த்தால் ஆட்டம் நின்றுவிடும்.

மீஞ்சூரில் ஒருவர் இருந்தார். அவருடைய மகனுக்கும் இதே வியாதி, எட்டாவது படிக்கும்போதே சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவன். எங்களைப் போன்ற குடும்பங்களையெல்லாம் தேடிப் பிடித்துச் சேர்த்தவர் அவர்தான். ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறதாம், அதிலிருந்து தேய்ந்துபோன தசையைத் திரும்ப வளர்க்க முடியுமா என்று உலகத்தில் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இங்கே சிலர் அதற்குள் ஊசி போடுகிறோம் என்று கடை திறந்துவிட்டார்கள், நிலத்தை விற்றுக் கொடுத்து யாரும் ஏமாற வேண்டாம் என்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறையாக ஆராய்ச்சி நடக்க வேண்டும், அதற்குச் சட்டசபையில் யாராவது பேச வேண்டும் என்பதுதான் அவர் கோரிக்கை.

என்னைத் தேர்ந்தெடுத்த காரணத்தையும் அவர்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்.

"வண்டில உக்காந்துகினு கீற என் புள்ளய பாத்தா, வேற வண்டி வேணுமான்னுதாம்மா கேப்பாங்க. இன்னும் நடந்துகினு கீற கொழந்த எம்மா கஷ்டப்பட்டு எழுந்துக்குதுன்னு கண்ணால பாத்தாதான், இத்த இப்பவே நிறுத்த வழியில்லையான்னு கேக்கத் தோணும்."

அம்மா என்னிடம் வந்து, "பெரியவங்க முன்னாடி எழுந்து காட்டணும்மா" என்றாள். கஷ்டப்பட்டு எழுந்து காட்டு என்று பெற்ற பிள்ளையிடம் எந்த அம்மாவால் சொல்ல முடியும்? எனக்குத் தெரிந்த பெரியவர்களெல்லாம் ஆண்டு விழாவுக்கு வரும் சீஃப் கெஸ்ட்தான். சீஃப் கெஸ்ட் முன்னால் யாராவது தப்பாக ஆடிக் காட்டுவார்களா?

ஆளில்லாத வீட்டில் நான் பயிற்சியைத் தொடங்கினேன். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குத் தைத்த பட்டுப்பாவாடையைத்தான் அன்றைக்கு உடுத்துவதாக ஏற்பாடு. பீரோவிலிருந்து அதை எடுத்துக் கட்டிக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தேன். முட்டி சிராய்த்தது. அப்புறம் ஒரு நாள் தற்செயலாக அந்த வித்தை பிடிபட்டது. குப்புறத் திரும்பாமல் பக்கவாட்டில் ஒரு முட்டியை ஊன்றி, பாவாடையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துத் தூக்குவதுபோல் கையைத் தொடையில் அழுத்தி ஏறினால், பார்க்கிறவர்களுக்குக் கை ஏறுவது தெரியாது. பாவாடை தடுக்காமல் ஒரு பெண் பிள்ளை பதவிசாக எழுந்திருப்பதாகத்தான் தோன்றும். கண்ணாடியில் பார்த்துவிட்டு நானே கைதட்டிக்கொண்டேன். வேறு யார் இருந்தார்கள் தட்டுவதற்கு?

அந்த நாளும் வந்தது. மீஞ்சூர்க்காரர் தன் மகனோடு, எங்களைப் போன்ற இன்னும் சில குடும்பங்களையும் கூட்டி வந்திருந்தார். எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் என்னைப் பார்த்ததும் மீஞ்சூர்க்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா இது? காலு தெரிய வேணாமா?"

"பெரிய மனுசர பாக்க வரோம். பழைய கவுனோட இட்டாரச் சொல்றீங்களா சார்?" என்றாள் அம்மா.

உள்ளே எம்.எல்.ஏ. எல்லோரையும் உட்காரவைத்து, காபி வரவழைத்து, மீஞ்சூர்க்காரர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடப் போனை எடுக்கவில்லை. "சரி சார், கொழந்தைய பாக்கலாம்" என்றார். நான் நடுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் சுவரோரமாக அம்மா நின்றிருந்தாள். மற்ற அம்மாக்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

பக்கவாட்டில் முட்டியை ஊன்றினேன். பாவாடையைக் கொத்தாகப் பிடித்தேன். தொடை இரண்டும் தீயாய் எரிந்தன. சிரித்த முகம் மாறாமல் எழுந்து நின்று, கூடுதலாக ஒரு வணக்கமும் வைத்தேன்.

எம்.எல்.ஏ. கைதட்டினார். என் வாழ்நாளில் எனக்கென்று ஒருவர் தட்டிய முதல் கைதட்டல்.

"பாப்பா சூப்பரா எழுந்துக்குதே! இன்னா சார், நீங்க சொன்னத கேட்டு நான் பயந்தே பூட்டேன்."

"இல்ல சார், எப்பவும் இப்டி எழுந்துக்காது சார்..." என்று மீஞ்சூர்க்காரர் தடுமாறினார். நிஜத்தைச் சொன்ன அவர் முகம் பொய் சொன்னவர் முகம்போல் ஆகிவிட்டது. எம்.எல்.ஏ. பேச்சை மாற்றி, அவருடைய மகனுக்கு நல்ல மூன்று சக்கர வண்டியாக ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். எனக்கு ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். ஆராய்ச்சியைப் பற்றி யாரும் மறுபடி பேசவில்லை.

வெளியே வரும்போது சக்கர நாற்காலியிலிருந்த அந்த அண்ணன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான். "நடந்துகினு இருந்தப்போ நானும் பேன்ட் பாக்கெட்ல கைய வுட்டுக்கினுதான் எழுந்துப்பேன். ஒருத்தனும் கண்டுபுடிக்கல" என்று காதோடு சொன்னான். அங்கிருந்த அத்தனை பேரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பிறகு அவனைப் பார்க்க வாய்க்கவில்லை.

திரும்புகிற ரயிலில் அம்மா என்னைத் திட்டவில்லை. சும்மா சும்மா என் முழங்காலைத் தொட்டாள். அப்பாவுக்குப் போன் செய்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். "சிறுவாபுரி முருகா" என்று இரண்டு மூன்று தரம் முனகினாள். வேலை, சமையல், தூக்கம் என்று ஓடிக்கொண்டிருந்த அம்மா, ஒரு வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தது அன்றைக்குத்தான். எனக்குக் கிடைத்த கைதட்டலில் அம்மாவுக்கும் பெருமை என்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "பாவாடைய அவுத்துட்டு கவுன போட்டுக்க" என்றாள். போட்டுக்கொண்டேன். "கீழ உக்காரு." உட்கார்ந்தேன்.

"இப்போ எழுந்திரு கண்ணு."

அம்மா முன்னால் என்ன மறைக்க வேண்டியிருக்கிறது? குப்புறத் திரும்பினேன். கையும் காலும் ஊன்றினேன். முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று வழக்கம்போல் ஏறி நிமிர்ந்தேன். அம்மா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "சரி" என்று உள்ளே போய் அரிசி களைந்தாள். குழாய் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. சோற்றை வடித்து வைத்துவிட்டு, முகத்தை அலம்பிக்கொண்டு, ஷிப்டுக்குக் கிளம்பினாள். வாசலில் திரும்பி, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எம்.எல்.ஏ. ஒப்புக்கொள்ளவில்லை என்ற வருத்தம் அம்மாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் என் பின்னால் நின்றிருந்த அவளும் வெறும் பாவாடையைத்தான் பார்த்திருக்கிறாள். எனக்குக் குணமாகிவிட்டது என்று அந்த ரயில் பயணம் முழுக்க நம்பிக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் கிரீம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.